முதல் நிரல்மொழியும் முதற்பயிற்சியும்

தம் பிள்ளைக்குக் கணினி நிரலாக்கம் கற்பிக்க விரும்பும் பெற்றோர் முதலில் கேட்கும் வினா, எந்த மொழியில் தொடங்குவது என்பதாகும். நம் நாட்டுத் தமிழ்ப் பெற்றோரிடம் இவ்வினாவுக்குள் மற்றொரு வினாவும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் வலுவாக வராத பிள்ளையால் இக்கலையைக் கற்க இயலுமா என்பதே அது. முதல் வினாவுக்கு விடை கூறும் நூல்கள் பல உள. இரண்டாம் வினாவுக்கு விடை கூறாமல் முதல் வினாவுக்கு மட்டும் விடை கூறினால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அவ்விடையால் பயன் சிறிதே. ஆதலின் இவ்வுரை இரண்டையும் ஒருசேர எடுத்துக்கொள்கிறது.

வினாவின் பின்னணி

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். அப்பிள்ளை ஆறாண்டுகள் தமிழ்வழிக் கல்வி பெறுகிறது. பின்னர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழியாகப் பயிலத் தொடங்குகிறது. நிரலாக்க நூல்களையும் இணையப் பாடங்களையும் திறந்தால் ஆங்கிலம் எதிர்ப்படுகிறது. எனவே, நிரல்மொழி என்னும் நான்காவது மொழியைக் கற்பதற்கு முன்பே மூன்று மொழிகளுக்கிடையே அப்பிள்ளை நடந்து பழக வேண்டியுள்ளது.

எம்மொழியில் அறிவியல் கற்பது என்னும் வாதம் நமக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நடப்புக்கு வந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அத்திட்டத்தை முடித்துக்கொள்வதாக 2009 ஜூலையில் அரசு அறிவித்தது. பின்னர் 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டமும் தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி அதே வாதத்தை மீண்டும் எழுப்பியது. இதற்கிடையே, 2017இல் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் 'அடிப்படைக் கணினி அறிவியல்' என்னும் பாடம் அறிமுகமாயிற்று. நிரலாக்கம் பள்ளிக்கூட வாயிலுக்குள் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை 'எனக்கு ஆங்கிலம் வராது, ஆகவே கணினியும் வராது' என்று தானே முடிவு செய்துகொள்ளுமாயின், அம்முடிவின் விளைவு அதன் வாழ்நாள் முழுதும் நீளக்கூடும்.

நிரல்மொழி என்பது யாது?

நிரல் என்பது கணினி வரிசையாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளை எழுதுவதற்கென வகுக்கப்பட்ட, சொற்குறைவும் விதிக்கண்டிப்பும் உடைய மொழியே நிரல்மொழி. அதன் உட்கூறுகள் சிலவே. ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு வைப்பது மாறி. ஒரு நிபந்தனை உண்மையானால் ஒன்றையும் பொய்யானால் வேறொன்றையும் செய்யச் சொல்வது கிளைப்பாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது மடக்கு. பல கட்டளைகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்து, வேண்டும்போதெல்லாம் அழைப்பது செயற்கூறு. இந்நான்கும் ஏறத்தாழ எல்லா நிரல்மொழிகளிலும் உள்ளன. ஒன்றில் இவற்றை நன்கு கற்றவர் மற்றொன்றுக்கு மாறும்போது வடிவத்தையே புதிதாகக் கற்கிறார். கருத்தை மீண்டும் கற்பதில்லை.

தொடக்க நிலையினர்க்கென மொழி வகுக்கும் முயற்சி அரை நூற்றாண்டினும் பழையது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் ஆகிய இருவரும் அறிவியல் துறை சாராத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்னும் நோக்கில் பேசிக் மொழியை உருவாக்கினர். 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் சிறுவர்க்கென லோகோ மொழியை அமைத்தனர். 2007இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளாக அடுக்கச் செய்தது. பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்பதைவிட, எது பிள்ளையைத் தடுக்கிறது என்பதையே இம்முயற்சிகள் அனைத்தும் முதலில் ஆராய்ந்தன. நம் பிள்ளைகளைத் தடுப்பது எது என நாமும் ஆராய வேண்டும்.

கோலாலம்பூரில் முன்வைக்கப்பட்ட ஒரு விடை

தமிழில் நிரல் எழுதுவதற்கு முன், கணினியில் தமிழ் எழுத வழி வேண்டியிருந்தது. அவ்வழியை அமைத்தவர்களுள் மலேசியரான முத்து நெடுமாறன் முன்னிற்கிறார். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் 1985ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2005இல் அவருடைய செல்லினம் கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013இல் அம்மாநாடு மீண்டும் நம் நகருக்கு வந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்த அம்மாநாட்டிற்குத்தான் முத்தையா அண்ணாமலை எழுதிய ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. தொடக்கநிலைக் கணினிக் கல்விக்கென எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை அது அறிமுகம் செய்தது. அம்மொழியைப் பற்றி அவர் 2009இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்.

எழிலில் கட்டளைச் சொற்கள் யாவும் தமிழே. திரையில் ஒன்றை வெளியிடப் 'பதிப்பி' என்பது கட்டளை. செயற்கூற்றின் தொடக்கம் 'நிரல்பாகம்'. விடையைத் திருப்பித் தருவது 'பின்கொடு'. சிறு எடுத்துக்காட்டொன்று காண்க:

எண் = 7
@( எண் > 5 ) ஆனால்
    பதிப்பி "பெரிது"
இல்லை
    பதிப்பி "சிறிது"
முடி

இதில் சொற்கள் தமிழாக இருப்பதோடு தொடரின் வைப்புமுறையும் தமிழாக இருத்தலைக் கருதுக. ஆங்கிலம் சார்ந்த நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். தமிழில் 'மழை பெய்தால்' என நிபந்தனையின் குறி இறுதியில் வருதலே இயல்பு. எழிலும் நிபந்தனையை முன்வைத்து, 'ஆனால்' என்பதைப் பின்வைக்கிறது. 'ஆகுமாயின்' என்னும் பொருளிலேயே இச்சொல் இங்கு நிற்கிறது. இன்றைய வழக்கில் அச்சொல் எதிர்மறைத் தொடர்பையும் குறிப்பதால், முதல்நாள் பிள்ளைக்குச் சிறு மயக்கம் நேரலாம். ஆசிரியர் ஒருமுறை விளக்கினால் அது தெளிவாகும்.

எழிலா, பைத்தானா?

எழில் நிறுவிய உண்மை பெரிது. கணினிச் சிந்தனைக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்னும் எண்ணத்தை அது செயலால் மறுத்தது. எனினும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஒரு நிரல்மொழியின் வலிமை அதன் சொற்களில் மட்டும் இல்லை. அதனைப் பயன்படுத்துவோர் எத்துணைப் பேர், ஐயம் நேர்ந்தால் யாரைக் கேட்பது, அடுத்த நிலைக்கு எடுத்துச்செல்லும் கருவிகள் யாவை என்பனவும் வலிமையின் கூறுகளே. இவற்றில் பைத்தான் மிக முன்னே நிற்கிறது. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட இம்மொழி இன்று பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தொழிலகங்களிலும் வழங்குகிறது. எழில்மொழியே பைத்தானைக் கொண்டு இயற்றப்பட்டது என்பதும் ஈண்டு நினையத் தக்கது.

பைத்தானின் ஆங்கிலம் எவ்வளவு? அதன் சிறப்புச் சொற்கள் ஏறத்தாழ 35. தொடக்கப் பயிற்சிகளுக்கு அவற்றுள் பத்தும், அவற்றோடு சில செயற்கூற்றுப் பெயர்களும் போதும். மலாய்மொழியில் ஒரு வாரத்தில் அதனினும் மிகுதியான சொற்களைக் கற்கும் பிள்ளைக்கு இது சுமையன்று. மேலும், 2008இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் பிறமொழி எழுத்துகளில் பெயரிட இடந்தருகிறது. 'மொத்தம்', 'விலை', 'எழுத்துகள்' எனத் தமிழிலேயே பெயரிடலாம். கட்டளைச் சொல் பத்தும் அயலாக இருக்க, நிரலின் பொருளைச் சுமக்கும் பெயர்கள் யாவும் தமிழாக அமையும். பிள்ளையின் சிந்தனை அப்பெயர்களில்தான் வாழ்கிறது.

ஆகவே, பரிந்துரை இது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கட்டைகளை அடுக்கும் ஸ்கிராட்ச் பொருந்தும். பதினொன்று, பன்னிரண்டு வயதில், முதல் சில வாரங்கள் எழிலில் நிபந்தனையும் மடக்கும் பழகலாம். அதன்பின் அதே பயிற்சிகளைப் பைத்தானில் திரும்ப எழுதலாம். இரண்டாம் முறை எழுதும்போது, மாறியது சொல்லே, கருத்தன்று என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் தமிழ்ப் பெயர்களோடு பைத்தானிலேயே தொடங்குவதும் தவறாகாது.

மொழியைவிடப் பெரிதாகக் கருதவேண்டியது பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பொருள். பிள்ளை முன்பே நன்கறிந்த பொருளாக அஃது இருத்தல் வேண்டும். அப்போதுதான், கணினி தந்த விடை சரியா தவறா என்பதை அது தானே தீர்மானிக்க இயலும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நன்கறிந்த பொருள்கள் இரண்டு: அதன் சுற்றுப்புறம், அதன் தமிழ். கீழ்வரும் ஐந்து பயிற்சிகளும் அவ்விரண்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

ஐந்து பயிற்சிகள்

முதற்பயிற்சி, உணவகக் கணக்கு. பிரிக்பீல்ட்ஸ் உணவகமொன்றில் ரொக்கம் செலுத்தும்போது மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்தப்படுவதைப் பிள்ளை கண்டிருக்கும். இம்முறை 2008 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நடப்பில் உள்ளது. 12 ரிங்கிட் 37 சென் என்பது 12 ரிங்கிட் 35 சென் ஆகும்; 12 ரிங்கிட் 38 சென் என்பது 12 ரிங்கிட் 40 சென் ஆகும். இதனை நிரலாக்குக. தொகையை முழுவதும் சென்னாக மாற்றி, அதனோடு 2 கூட்டி, ஐந்தால் வகுத்து, மீதியை விட்டு, ஈவை ஐந்தால் பெருக்கினால் விடை கிட்டும். 1237உடன் 2 கூட்டினால் 1239. ஐந்தால் வகுத்த ஈவு 247. ஐந்தால் பெருக்கினால் 1235. சென்னாக மாற்றுவது ஏன் எனப் பிள்ளை கேட்குமாயின், 0.1உடன் 0.2ஐக் கூட்டுமாறு பைத்தானிடம் கூறச் செய்க. 0.30000000000000004 என விடை வரும். மூன்றிலொரு பங்கை நம் பதின்ம முறையில் முடிவுற எழுத இயலாதது போல, பத்திலொரு பங்கைக் கணினியின் இரும முறையில் முடிவுற எழுத இயலாது. காசுக் கணக்கை முழு எண்ணில் வைத்துக்கொள்ளும் பழக்கம் முதல் வாரத்திலேயே இவ்வாறு படிந்துவிடும்.

இரண்டாம் பயிற்சி, நெடுங்கணக்கு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல் கணினியையே உருவாக்கச் செய்க. ஒருங்குறி முறையில் 'க' என்பது ஒரு குறியீடு. அதனோடு துணைக்குறி சேர்ந்தால் 'கா', 'கி' என்பன பிறக்கும். அகரத்திற்குத் துணைக்குறி இல்லையாதலின் குறிகள் 11. வெறுமையையும் ஒன்றாகக் கொண்டால் 12. ஒரு மடக்குக்குள் மற்றொரு மடக்கை வைத்து, 18 எழுத்துகளோடும் 12ஐயும் சேர்க்க 216 உயிர்மெய்யும் தோன்றும். புள்ளியைச் சேர்த்தால் மெய் பிறக்கும். இலக்கணத்தில் மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கிறது. கணினியிலோ உயிர்மெய்யாகிய 'க'வோடு புள்ளி கூடி மெய் அமைகிறது. ஒலியின் முறைக்கும் வரிவடிவின் முறைக்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பிள்ளை கையால் செய்து அறியும்.

மூன்றாம் பயிற்சி, எழுத்தெண்ணல். 'கிள்ளான்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை எனப் பிள்ளையைக் கேட்டால், நான்கு என்னும். பைத்தானைக் கேட்டால், எட்டு என்னும். கி, ள், ளா, ன் ஆகிய நான்கிலும் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். எது சரி? பிள்ளையே சரி. ஒவ்வொரு துணைக்குறியையும் புள்ளியையும் அதற்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணுமாறு நிரல் எழுதினால், கணினியும் நான்கு என்று கூறும். உலகெங்கும் வழங்கும் ஒரு கருவி தன் மொழியை அறியாதிருந்ததையும், தான் எழுதிய சில வரிகளால் அது அறிந்துகொண்டதையும் பன்னிரண்டு வயதில் காணும் பிள்ளைக்கு, ஆங்கிலம் வராது என்னும் அச்சம் நில்லாது. இவ்வேலையைச் செய்யும் செயற்கூறுகள் 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரலகத்தில் ஆயத்தமாகவும் உள்ளன. எனினும் முதலில் தானே எழுதிப் பார்த்தல் நன்று.

நான்காம் பயிற்சி, மாத்திரைக் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்திற்கும் அரை. இவ்விதியை நிபந்தனைகளாக எழுதினால் 'கோலாலம்பூர்' என்னும் சொல்லுக்கு எட்டு மாத்திரை எனக் கணினி கூறும். அடுத்து 'நாடு' என்னும் சொல்லைத் தந்தால் மூன்று என்னும், அது பிழை. ஈற்றில் நிற்பது குற்றியலுகரமாதலின், அதற்கு அரை மாத்திரையே; எனவே இரண்டரை. ஈற்றெழுத்து கு, சு, டு, து, பு, று ஆகியவற்றுள் ஒன்றாகி, அதற்கு முன் தனிக்குறில் மட்டும் நில்லாதிருந்தால் அரை மாத்திரை கொள்க எனப் புதிய நிபந்தனை சேர்க்க வேண்டும். 'பசு' என்னும் சொல்லைத் தந்து, அதன் உகரம் குறையாமல் இரண்டு மாத்திரை வருகிறதா எனவும் சோதிக்க வேண்டும். விதி எழுதுதல், விதி தவறும் இடம் காணுதல், திருத்துதல், முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியாக உள்ளனவா எனப் பார்த்தல் ஆகிய இந்நான்கும் தொழில்முறை நிரலாளர் நாள்தோறும் செய்பவை. இலக்கணப் பாடம் இங்கே தேர்வுக்குரிய மனப்பாடமாக நில்லாமல் பொறியியலாகிவிடுகிறது.

ஐந்தாம் பயிற்சி, அகரவரிசை. வகுப்பு மாணவர் பெயர்களைப் பட்டியலாக்கி வரிசைப்படுத்துமாறு கூறினால், பைத்தான் 'கனகா'வை முன்னும் 'கமலா'வைப் பின்னும் வைக்கும். நம் நெடுங்கணக்கில் மகரம் முன்னது. றன்னகரங்கள் இறுதியில் வருபவை. ஒருங்குறியிலோ னகரம் நகரத்தின் அருகே வைக்கப்பட்டுள்ளதால், மகரத்திற்கு முன் வந்துவிடுகிறது. நெடுங்கணக்கின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தச் செய்தால் 'கமலா' தன் இடத்தைப் பெறுவாள். ஒரு பள்ளி தன் வருகைப் பதிவேட்டைத் தமிழில் கணினியாக்கும்போது நேரில் எதிர்ப்படும் சிக்கல் இது. இங்கே பயிற்சி பயிற்சியாக நில்லாமல் பயன்பாடாகிறது.

இவ்வைந்துக்கும் விலையுயர்ந்த கணினி வேண்டுவதில்லை. பைத்தான் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் இயங்கும். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என ஒதுக்கி, ஒரு பயிற்சியை முற்ற முடித்தபின் அடுத்ததற்குச் செல்லுதல் நலம். பிறர் எழுதிய நிரலைப் படியெடுப்பதைக் காட்டிலும், தான் எழுதியது ஏன் இயங்கவில்லை எனத் தேடுவதிலேயே கல்வி நிகழ்கிறது.

எஞ்சியிருக்கும் பணி

இவ்வாறு தேடும் இடத்தில்தான் உண்மையான தடை நிற்கிறது. பைத்தானின் கட்டளைச் சொற்கள் தடையல்ல என மேலே கண்டோம். பிழை நேரும்போது கணினி காட்டும் செய்தி முழு ஆங்கில வாக்கியம். பெயர் வரையறுக்கப்படவில்லை, வரியின் உள்தள்ளல் பொருந்தவில்லை, சொல்லையும் எண்ணையும் கூட்ட இயலாது என அது எளிய செய்தியையே கூறுகிறது. அதனைப் படித்தறிய இயலாத பிள்ளை, கணினி தன்னைக் கண்டித்ததாகவே கொண்டு விலகிவிடுகிறது. நிரலாக்கத்தைத் தொடங்கிய பிள்ளை கைவிடும் இடம் பெரும்பாலும் இதுவே.

மொழிக்கென இயங்கும் நம்போன்ற அமைப்புகள் செய்யக்கூடிய பணியும் இங்கேயே உள்ளது. புதியதொரு நிரல்மொழியை நாம் படைக்க வேண்டியதில்லை. தொடக்க நிலையினர் அடிக்கடி காணும் பிழைச்செய்திகள் இருபது முப்பதை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன கூறுகிறது, எங்கே பார்க்க வேண்டும், எவ்வாறு திருத்த வேண்டும் என நல்ல தமிழில் எழுதிய சிறு கையேடு போதும். மாறி, மடக்கு, செயற்கூறு போன்ற சொற்களை ஒரே சீராக வழங்கவும், அவற்றின் மலாய், ஆங்கில இணைச்சொற்களை அருகே தரவும் வேண்டும். அப்போதுதான் ஆறாம் ஆண்டில் தமிழில் பெற்ற அறிவு, படிவம் ஒன்றில் மலாய்மொழிப் பாடத்திற்குள் நுழையும்போது கைவிட்டுப் போகாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நடைபெறும் மாலைநேர வகுப்புகளில், தமிழாசிரியர் ஒருவரும் கணினி அறிந்த இளைஞர் ஒருவரும் இணைந்து அமர்ந்தால் இக்கையேட்டைச் சில மாதங்களில் ஆக்கிவிடலாம்.

எந்த மொழியில் தொடங்குவது என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். எழிலிலோ பைத்தானிலோ தொடங்குக. தமிழில் சிந்தித்துத் தொடங்குக. ஆங்கிலம் வலுவாக வராத பிள்ளையால் இயலுமா என்னும் வினாவுக்கு, 'கிள்ளான்' என்னும் சொல்லில் நான்கு எழுத்து என அப்பிள்ளை எழுதிய நிரலே விடை கூறும்.